தாத்தாவின் கோபம் பேரனுக்கு வருமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். நாலு வயதுப் பையன். கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் புரண்டு அழுகிறான், கைக்குக் கிடைத்ததை வீசி எறிகிறான். "அப்படியே அவன் தாத்தாதான், ரத்தத்துலயே இருக்கு" என்கிறார் மாமியார். தாத்தா ஊரில் அடிதடிக்குப் பேர்போனவர். கணவரோ 'போர்வீரன் மரபணு' என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுக் கலங்கிப்போயிருக்கிறார். எச்சில் மாதிரியை அனுப்பினால் பிள்ளையின் சுபாவம், திறமை, எந்தப் படிப்பு ஒத்துவரும் என்பதுவரை அறிக்கையாகத் தருகிறோம் என்று ஒரு நிறுவனத்தின் விளம்பரமும் கண்ணில் பட்டிருக்கிறது. எடுக்கலாமா? மனித நடத்தையைப் பற்றி மரபணு ஆராய்ச்சி உண்மையில் என்னதான் சொல்கிறது?

பரிசோதனை வேண்டாம். இது முதல் கேள்விக்கு. இரண்டாவதற்குப் பதில் கொஞ்சம் நீளும். உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. வீடியோ சொல்வதில் அந்த அளவுகூட இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் விளம்பரக்காரரின் வியாபாரம் நடக்கிறது.

வீடியோவிலிருந்து தொடங்குகிறேன். 1978-ல் நெதர்லாந்தின் நைமேகன் நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு ஒரு பெண் வந்தார். தன் குடும்பத்து ஆண்களில் பலருக்கு அறிவு வளர்ச்சி சற்றுக் குறைவு, திடீர் திடீரென்று வெறி பிடித்தாற்போல நடந்துகொள்கிறார்கள், எனக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் இது வருமா என்று கேட்டார். குடும்பப் பெரியவர் ஒருவர் 1962-லேயே உட்கார்ந்து எழுதிவைத்த வம்சாவளி அவரிடம் இருந்தது. 1870 வரை பின்னோக்கிப் போன அந்தக் காகிதத்தில் இதே குறை கொண்ட ஒன்பது ஆண்கள் குறிக்கப்பட்டிருந்தார்கள். ஒருவர், வேலை சரியில்லை என்று சொன்ன முதலாளியைக் காரால் மோதிக் கொல்லப் பார்த்தவர். இன்னொருவர் காப்பகத்தின் கண்காணிப்பாளர் மீது கவைக்கம்பால் குத்தியவர். வீட்டுக்குத் தீ வைத்தவர்கள் உண்டு. சகோதரிகளைக் கத்தியைக் காட்டி மிரட்டியவர் உண்டு. பெண்கள் யாருக்கும் எதுவும் இல்லை.

ஆண்களுக்கு மட்டும் வருகிறது, பெண்கள் வழியாகக் கடத்தப்படுகிறது என்றால் மரபியல் படித்தவர்களுக்கு எக்ஸ் குரோமோசோம்தான் உடனே ஞாபகத்துக்கு வரும். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் இன்னொன்று ஈடுகட்டும். ஆணுக்கு ஒன்றே ஒன்று. ஹான் புருன்னர் என்ற மருத்துவர் தலைமையிலான குழு பல வருடம் தேடி, 1993-ல் அந்தப் பழுதைக் கண்டுபிடித்து அறிவித்தது. மூளையில் செரட்டோனின், டோபமைன், நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்கள் வேலை முடிந்ததும் அவற்றைச் சிதைத்து அப்புறப்படுத்தும் ஒரு நொதி உண்டு. எம்ஏஓஏ என்று பெயர். அதை உண்டாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த ஓர் எழுத்தால் செய்தி பாதியிலேயே நின்று, நொதி சுத்தமாக உருவாகவில்லை.

இது அசல் கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் இந்த மாற்றம் அந்த ஒரு குடும்பத்தில்தான் இருந்தது. பிறகு உலகம் முழுக்கத் தேடியும் அதைப்போல விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே கிடைத்திருக்கின்றன. 'வன்முறை மரபணு' என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கியதும், அப்படி ஒரு பேச்சுக்கே அர்த்தமில்லை என்று மறுத்தவர்களில் புருன்னரும் ஒருவர். நொதி இல்லாவிட்டால் தூக்கம், மனநிலை, அறிவு வளர்ச்சி எல்லாமே பாதிக்கப்படுகின்றன. அதே குடும்பத்தில் அதே பழுதோடு இருந்த ஆண்களும் ஒருவரைப்போல ஒருவர் நடந்துகொள்ளவில்லை.

அப்படியானால் வீடியோவில் வரும் போர்வீரன் யார்? அது வேறு சமாச்சாரம். அதே எம்ஏஓஏ மரபணுவின் முகப்பில் ஒரு சிறு டிஎன்ஏ துண்டு திரும்பத் திரும்ப வரும். சிலருக்கு மூன்று முறை, சிலருக்கு நான்கு. மூன்று முறை வந்தால் நொதி கொஞ்சம் குறைவாகச் சுரக்கும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த வடிவம்தான் இருக்கிறது. இதற்குத்தான் 2004 வாக்கில் 'போர்வீரன்' பட்டம் கிடைத்தது. 2006-ல் நியூசிலாந்தில், மாவோரி மக்களிடம் இது அதிகம் என்று ஓர் ஆய்வாளர் சொல்ல, அவர்கள் பிறவியிலேயே முரடர்கள் என்று செய்தித்தாள்கள் கிளப்பிவிட்டன. அதே ஆய்வாளர் பின்னர் வெளியிட்ட புள்ளிவிவரத்தில், மாவோரிகளைவிடச் சீன ஆண்களிடம் இந்த வடிவம் இன்னும் அதிகம். சீனர்களைப் பற்றி அப்படி ஒரு தலைப்புச் செய்தி வந்ததா? வரவில்லை. முடிவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு மரபணுவைச் சாட்சிக்கு அழைத்தார்கள் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டியதில்லை. 2009-ல் இத்தாலியின் ட்ரியஸ்டே நகரத்து மேல்முறையீட்டு நீதிமன்றம், கொலைக் குற்றவாளி ஒருவருக்கு இந்த வடிவம் இருப்பதையும் கணக்கில் எடுத்துத் தண்டனையில் ஒரு வருடத்தைக் குறைத்தது.

சரி, அதில் துளியும் உண்மை இல்லையா? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73-ல் பிறந்த 1,037 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து விடாமல் பின்தொடரும் ஓர் ஆய்வு இருக்கிறது. அந்தப் பையன்களின் எம்ஏஓஏ வடிவத்தை அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மாஃபிட் ஆகியோரின் குழு பரிசோதித்து 2002-ல் முடிவை வெளியிட்டது. குறைந்த நொதி வடிவம் இருந்தால் மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சிறுவயதில் அடி உதை, கொடுமை அனுபவித்தவர்களில்தான் அந்த வடிவம் வித்தியாசம் காட்டியது. குறைந்த நொதி, கொடுமைக்குள்ளான பால்யம் இரண்டும் சேர்ந்தவர்கள் அந்தப் பையன்களில் 12 சதவீதம்தான். வன்முறைக் குற்றத் தண்டனைகளில் 44 சதவீதம் அவர்களுக்குப் போனது. மறு வருடம் அதே குழு, செரட்டோனின் கடத்தியின் மரபணுவை மன அழுத்தத்தோடு இணைத்து இதே பாணியில் இன்னொரு முடிவை வெளியிட்டது: வாழ்க்கையில் அடுத்தடுத்து அடி விழுந்தால், குறிப்பிட்ட வடிவம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் வருகிறது.

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! மரபணு மட்டும் இல்லை, வளர்ப்பு மட்டும் இல்லை, இரண்டும் சேர்ந்து. எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் குவிந்தன. சாகசத்துக்கு ஒரு மரபணு, பதற்றத்துக்கு ஒன்று என்று வரிசையாக வந்தன. பிரச்சினை என்னவென்றால், இவற்றில் பெரும்பாலானவை சில நூறு பேரை வைத்துச் செய்தவை. சில நூறு பேரை எடுத்து, பத்து மரபணுக்களையும் பத்துக் குணங்களையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தால் தற்செயலாகவே நாலைந்து பொருத்தம் விழும். விழுந்ததைக் கட்டுரையாக்குவார்கள். விழாதது மேசை டிராயருக்குள் போய்விடும்.

2009-ல் செரட்டோனின் ஆய்வுகளை மொத்தமாகத் திரட்டிப் பார்த்தபோது அந்த மரபணுவின் விளைவு காணாமல் போயிருந்தது. வாழ்க்கையின் அடிகளால் மனச்சோர்வு வருகிறது என்ற பாதி மட்டும் உறுதியாக நின்றது. 2019-ல் இன்னும் பெரிய அடி. மனச்சோர்வோடு அதிகம் தொடர்புபடுத்தப்பட்ட 18 மரபணுக்களை எடுத்து, லட்சக்கணக்கானவர்களின் தரவில் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எந்த 18 மரபணுக்களைப் பொறுக்கி எடுத்திருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும் என்று தெரிந்தது. இருபது வருட உழைப்பு. எம்ஏஓஏ விஷயத்தில் இன்னும் இழுபறி இருக்கிறது. கொடுமையோடு சேர்ந்தால் விளைவு உண்டு என்று சில ஆய்வுகளும், இல்லை என்று சிலவும் சொல்கின்றன. அப்படியே உண்டு என்று வைத்துக்கொண்டாலும், டனீடன் ஆய்வு சொல்வது குழந்தையை அடிக்காதே என்பதைத்தான். அதைத் தெரிந்துகொள்ள எச்சிலைக் கொடுத்து அனுப்ப வேண்டுமா?

உங்கள் வீட்டுக்கு வரும் அறிக்கைகளில் பல இன்னமும் இந்தக் காலாவதியான பத்துப் பதினைந்து மரபணுக்களைப் பார்த்துத்தான் 'உங்கள் குழந்தை உணர்ச்சிவசப்படக்கூடியவர்' என்று எழுதுகின்றன. கைரேகையைப் பார்த்துப் பிள்ளையின் அறிவு வகையைச் சொல்லும் டிஎம்ஐடி பரிசோதனை சில வருடம் முன்பு நம் பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்தது ஞாபகம் இருக்கும். அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே அறிக்கை விட்டது. எச்சில் பரிசோதனை அதைவிட ஒரு படி மேல். படிக்கப்படுவது நிஜமான டிஎன்ஏ. அதிலிருந்து சொல்லப்படும் ஜோசியம் மட்டும் அதே ரகம்.

இனி மாமியார் பக்கத்துக்கு வருகிறேன். தனித்தனி மரபணுக்கள் கைவிட்டன என்பதற்காகப் பரம்பரை என்று ஒன்றுமே இல்லை என்றாகிவிடாது. அது இருக்கிறது என்பதற்கான ஆதாரம் வேறு வழியில், டிஎன்ஏவைப் படிக்கத் தெரியாத காலத்திலிருந்தே சேர்ந்து வந்திருக்கிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுக்க ஒன்று. இரு கரு இரட்டையருக்கு, சாதாரண அண்ணன் தம்பிகளைப்போலச் சராசரியாகப் பாதி. ஒரே வீட்டில் வளரும் இந்த இரண்டு வகை ஜோடிகளில், முதல் வகையினர் ஒரு குணத்தில் எவ்வளவு கூடுதலாக ஒத்துப்போகிறார்கள் என்பதை வைத்து மரபணுவின் பங்கைக் கணக்கிடலாம். ஐம்பது வருடத்தில் நடந்த இப்படிப்பட்ட ஆய்வுகளை 2015-ல் ஒரு குழு திரட்டியது. 1.45 கோடி இரட்டையர் ஜோடிகள், 17,804 பண்புகள். எல்லாவற்றையும் சராசரி எடுத்தால் மரபுவழிப் பங்கு 49 சதவீதம். கூச்சம், பொறுமை, பதற்றம், குடிப்பழக்கம் என்று எதை எடுத்தாலும் பூஜ்யம் என்று வருவது அபூர்வம்.

(இரட்டையர் என்றதும் எல்லாரும் சொல்லும் 'ஜிம்' சகோதரர்கள் கதை ஒன்று உண்டு. பிறந்த சில வாரங்களில் பிரிக்கப்பட்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வேறு வேறு வீடுகளில் வளர்ந்து, 39 வயதில் 1979-ல் சந்தித்தார்கள். இருவருக்கும் முதல் மனைவி லிண்டா, இரண்டாவது மனைவி பெட்டி, இருவரும் வளர்த்த நாயின் பெயரும் டாய். கேட்க நன்றாக இருக்கிறது. லிண்டாவைக் கட்டிக்கொள்ள மரபணு கிடையாது. அந்தத் தலைமுறை அமெரிக்கர்களில் லிண்டாக்கள் ஏராளம். தாமஸ் புஷார்டு மின்னசோட்டாவில் நடத்திய அந்த ஆய்வின் மதிப்பு, பிரிந்து வளர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட ஜோடிகளைப் பொறுமையாக அளந்ததில்தான் இருக்கிறது.)

தத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 14,427 பேரின் ஆவணங்களையும், பெற்றவர்கள், வளர்த்தவர்கள் ஆகியோரின் நீதிமன்றப் பதிவுகளையும் சார்னாஃப் மெட்னிக்கின் குழு ஒப்பிட்டு 1984-ல் வெளியிட்டது. பெற்றவர், வளர்த்தவர் இருவருமே தண்டனை பெறாத ஆண் பிள்ளைகளில் 13.5 சதவீதம் பேர் பின்னாளில் ஏதோ ஒரு குற்றத்தில் தண்டனை பெற்றிருந்தார்கள். வளர்த்தவர் மட்டும் குற்றவாளி என்றால் 14.7. பெற்றவர் மட்டும் என்றால் 20. இருவருமே என்றால் 24.5. ஆக, முகத்தையே பார்க்காத அப்பாவின் சாயல் எண்ணிக்கையில் தெரியத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு விஷயம். பெற்றவர், வளர்த்தவர் இருவரும் குற்றவாளிகளாக இருந்தும் முக்கால்வாசிப் பேர் எந்த வழக்கிலும் சிக்கவில்லை. அப்புறம், இந்தத் தொடர்பு திருட்டு, மோசடி போன்ற சொத்துக் குற்றங்களில்தான் தெரிந்தது. அடிதடி, வன்முறையில் தெரியவில்லை. தாத்தாவின் அடிதடிக்கு இந்த ஆய்வு சாட்சி சொல்ல வராது.

பாதி மரபணு என்கிறீர்களே, அப்படியென்றால் என் மகன் கோபத்தில் பாதி தாத்தாவுடையதா என்று கேட்பீர்கள். இந்த இடத்தில்தான் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். 49 சதவீதம் என்பது ஓர் ஆளுக்குள் போட்ட பங்குப் பிரிவினை கிடையாது. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் எவ்வளவு, மரபணு வித்தியாசத்தோடு சேர்ந்து போகிறது என்ற கணக்கு. ஒரே மூட்டையிலிருந்து கலப்பு விதைநெல்லை எடுத்து, பாதியை வாய்க்கால் தண்ணீர் பாயும் வயலிலும் பாதியைக் கடைமடைக் களர் நிலத்திலும் விதைத்தால், ஒவ்வொரு வயலுக்குள்ளும் பயிருக்குப் பயிர் உயரம் மாறுவதற்கு விதையே காரணம். ஆனால் இரண்டு வயலுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் முழுக்க மண்ணும் தண்ணீரும். ரிச்சர்ட் லெவான்டின் 1970-ல் கிட்டத்தட்ட இந்த உதாரணத்தைச் சொல்லித்தான், இனங்களுக்கு இடையிலான அறிவு வித்தியாசம் பிறவியில் வந்தது என்ற வாதத்தை எதிர்த்தார். மனித உயரத்தையே எடுங்கள். மரபுவழிப் பங்கு ஏறக்குறைய 80 சதவீதம். ஆனாலும் ஒரு நூற்றாண்டுக்குள் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் 20 செ.மீ. கூடியிருக்கிறது. மரபணு மாறவில்லை, சாப்பாடு மாறியது.

இந்தக் குழப்பம் ஏட்டில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. 1871-ல் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம், சில சாதிகளில் பிறந்தாலே குற்றம் செய்வது நிச்சயம் என்று நம்பி எழுதப்பட்டது. 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் பக்கம் ரேகைச் சட்டம் என்பார்கள். தப்பே செய்யாதவனும் கைரேகை பதித்து, ராத்திரி காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ந் தேதி உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்து நின்றவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள், ஒரு பெண் உட்பட. அப்போது மரபணு என்ற ஒன்றை யாரும் பார்த்ததுகூடக் கிடையாது. 1965-ல் ஸ்காட்லாந்தில் காவலில் வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளில் சிலருக்குக் கூடுதலாக ஒரு ஒய் குரோமோசோம் இருப்பதைப் பார்த்ததும், 'குற்றவாளி குரோமோசோம்' என்று அதே நம்பிக்கை ஆய்வுக்கூட உடையில் திரும்ப வந்தது. 1976-ல் டென்மார்க்கில் உயரமான ஆண்கள் ஆயிரக்கணக்கானவர்களைச் சோதித்தபோது, அந்தக் குரோமோசோம் உள்ளவர்கள் சிறு குற்றங்களில் அதிகம் மாட்டுகிறார்கள், வன்முறையில் இறங்குகிறார்கள் என்பதற்கு ஆதாரமில்லை என்று தெரிந்தது. அதற்குள் பெயர் கெட்டுவிட்டது.

இப்போது நடக்கும் ஆராய்ச்சி முறையே வேறு. ஒரு மரபணுவைச் சந்தேகப்பட்டுத் தேடுவதில்லை. லட்சக்கணக்கானவர்களின் டிஎன்ஏவில் லட்சக்கணக்கான இடங்களை ஒப்பிட்டு, எது எந்தப் பண்போடு சேர்ந்து வருகிறது என்று வலைவீசிப் பார்க்கிறார்கள். எத்தனை வருடம் படித்தார் என்பதை வைத்து நடந்த ஆய்வு நல்ல உதாரணம். 2013-ல் ஏறக்குறைய 1.26 லட்சம் பேரைப் பார்த்தபோது உறுதியாகக் கிடைத்தவை மூன்றே இடங்கள். ஒவ்வொன்றின் விளைவும் சுமார் ஒரு மாதப் படிப்பு. 2022-ல் 30 லட்சம் பேரைப் பார்த்தபோது கிட்டத்தட்ட 4,000 இடங்கள் கிடைத்தன. அவற்றை எல்லாம் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டால், ஐரோப்பிய வம்சாவளியினருக்குள் படிப்பு வித்தியாசத்தில் 12 முதல் 16 சதவீதத்தை அது விளக்கும். ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேச இது பரவாயில்லாத எண். ஒரு குழந்தையைக் காட்டி இவன் டாக்டர் ஆவானா என்று கேட்டால் உதவாது. ஆபிரிக்க அமெரிக்கர்களிடம் முந்தைய 2018 மதிப்பெண்ணைப் போட்டுப் பார்த்தபோது விளக்கும் அளவு 1.6 சதவீதத்துக்கு விழுந்தது. நம் மக்கள் இந்த ஆய்வுகளில் மிகக் குறைவு என்பதால் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் குழந்தைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

இந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்தது ஐஸ்லாந்திலிருந்து 2018-ல் வந்தது. பெற்றோரிடம் உள்ள மரபணுக்களில் பாதிதான் பிள்ளைக்குப் போகும். மீதிப் பாதி பெற்றோரோடு நின்றுவிடும். போகாத அந்தப் பாதியில் படிப்போடு தொடர்புடைய பகுதிகளை மட்டும் தனியே எடுத்து, அவற்றுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று அகஸ்டின் காங் என்பவரின் குழு பார்த்தது. பிள்ளையின் உடம்பிலேயே இல்லாத மரபணு பிள்ளையை என்ன செய்துவிடும்? செய்தது. பிள்ளைக்குப் போன மரபணுக்களின் விளைவில் ஏறத்தாழ 30 சதவீதம் அளவுக்கு, போகாதவற்றுக்கும் விளைவு இருந்தது. காரணம், அந்த மரபணுக்கள் பெற்றோரின் சுபாவத்தை, சம்பாத்தியத்தை, வீட்டில் புத்தகம் இருப்பதை, ராத்திரி கதை சொல்வதை மாற்றுகின்றன. அந்த வீட்டில் பிள்ளை வளர்கிறது. மரபணு என்று எண்ணியதில் ஒரு பங்கு வளர்ப்பு என்பது இப்படி மரபணுவை அளந்ததால்தான் பிடிபட்டது. கோபத்துக்கும் இதே வழி இருக்கலாம். சட்டென்று கை நீட்டும் தாத்தா தன் மகனுக்கு மரபணுவில் பாதியைக் கொடுத்தார். கை நீட்டுவதுதான் வழக்கம் என்ற வீட்டை முழுதாகக் கொடுத்தார். இரண்டையும் சேர்த்துத்தான் ஊர் 'ரத்தம்' என்கிறது.

மரபணு ஊரோடு சேர்ந்து எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் குடிதான் தெளிவான சாட்சி. கிழக்காசியர்களில் பலருக்கு ஏஎல்டிஎச்2 என்ற நொதி சரியாக வேலை செய்யாது. குடித்த கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். குடி நோயிலிருந்து காப்பதில் இதைவிட வலுவான மரபணு மாற்றத்தைக் காண்பது கடினம். (நம்மவர்களுக்கு இது அநேகமாகக் கிடையாது.) ஜப்பானில் குடி நோயாளிகளிடையே இந்த மாற்றத்தின் ஒரு பிரதி உள்ளவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். 1979-ல் 2.5 சதவீதம். 1986-ல் 8. 1992-ல் 13. மரபணு அதேதான். வேலை முடிந்து மேலாளரோடும் சகாக்களோடும் குடித்தே ஆகவேண்டும் என்ற பழக்கம் பரவப் பரவ, குமட்டலையும் பொருட்படுத்தாமல் குடித்துப் பழகிவிட்டார்கள். இவ்வளவு வலுவான மரபணுவின் பாதுகாப்பே பதின்மூன்று வருடத்தில் கரைகிறது என்றால், ஒரு மாதப் படிப்பு அளவுக்கு விளைவு கொண்ட மரபணுவைப் பற்றி என்ன சொல்வது?

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. 1934-ல் நார்வேயில் ஒரு தாய் புத்தி வளராத தன் இரண்டு பிள்ளைகளின் சிறுநீரில் விநோத வாடை வருவதைக் கவனித்து, டாக்டர் டாக்டராக அலைந்து, அஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவரிடம் வந்து சேர்ந்தார். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டதும் அது பச்சை நிறமானது. அவர் கண்டுபிடித்த நோய்க்கு பிகேயு என்று பெயர். ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைக் கையாளும் மரபணு இரண்டு பிரதியும் பழுது. அது உடம்பில் சேர்ந்து மூளையைக் கெடுக்கிறது. நூற்றுக்கு நூறு பரம்பரை நோய். மருந்து? சாப்பாடு. பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, ஃபினைல்அலனின் குறைந்த உணவைக் கொடுத்தால் குழந்தை எல்லாக் குழந்தைகளையும்போல வளர்கிறது. மரபணு கடைசிவரை பழுதாகவேதான் இருக்கும்.

இனி உங்கள் பையன். நாலு வயதில் உருண்டு புரண்டு அழாத குழந்தைதான் அபூர்வம். அவன் சுபாவத்திலேயே கொஞ்சம் சூடு இருக்கலாம். அது பிறவியில் வந்ததாகவும் இருக்கலாம், அதை மறுக்க நான் முயலவில்லை. ஆனால் சூடான பிள்ளை அதிகம் திட்டு வாங்கும். திட்டு வாங்க வாங்கச் சூடு கூடும். அந்தச் சுற்றில் உங்கள் கைக்கு எட்டுவது திட்டும் பாதிதான். "தாத்தா மாதிரி" என்ற பேச்சை அவன் காதுபட வேண்டாம் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். தாத்தா வளர்ந்த வீடு எப்படிப்பட்டது, அவர் எத்தனை அடி வாங்கினார் என்று மாமியாரிடமே கேட்டுப் பாருங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

டாக்டர் எழுதிக் கொடுத்து எடுக்கும் மரபணுப் பரிசோதனை வேறு. அதை இதோடு சேர்க்க வேண்டாம். பேச்சு வர ரொம்பத் தாமதமாகிறது, வயதுக்கேற்ற புரிதல் இல்லை, வலிப்பு வருகிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, அல்லது அம்மா வழியில் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் இப்படி இருந்திருக்கிறது என்றால் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். பரம்பரையாக வரும் அறிவு வளர்ச்சிக் குறைவுக்கு அதிகம் காரணமாக இருக்கும் ஃப்ராஜைல் எக்ஸ் போன்றவற்றுக்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது, அதில் கிடைக்கும் விடைக்குப் பொருளும் இருக்கிறது. அப்படிப் போகும்போது நைமேகனுக்கு வந்த அந்தப் பெண்மணியைப்போல இரு வழிக் குடும்பத்திலும் யார் யாருக்கு என்ன இருந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.